யாருக்கும் கடன்படாத கிளிக் காசு

"அண்ணா, வெப்சைட் போட்டால் கூகுள் காசு தருமாமே, மாசம் எவ்வளவு வரும்?"

கச்சேரியடியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிற எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை சும்மா இருக்கிற பிள்ளைகள் கேட்பார்கள். மத்திய கிழக்கில் வேலை முடித்துத் திரும்பி வந்தவர்கள் கேட்பார்கள். ஓய்வூதியப் படிவம் நிரப்ப வந்த ஒரு வாத்தியாரும் கேட்டார். நான் பல வருடமாக இரண்டு தளங்கள் நடத்துகிறேன் என்பது ஊருக்குத் தெரியும். ஒன்று ஆங்கிலத்தில், திருகோணமலைக்கு வருகிற பயணிகளுக்காக. மற்றது தமிழில், ஊர்ப் பழங்கதை, கோயில், கடல், சாப்பாடு என்று மனம்போன போக்கில் எழுதுவது. காசு வருகிறதா என்றால் வருகிறது. எவ்வளவு என்றால், கடையின் கரண்ட் பில்லும் இன்டர்நெட் பில்லும் அதில் போகும், சில மாதம் கொஞ்சம் மிஞ்சும். இதைக் கேட்டதும் பலருக்கு முகம் சுருங்கிவிடும். யூடியூப்பில் யாரோ மாசம் ஐந்து லட்சம் என்று சொன்னதைக் கேட்டுவிட்டு வந்தவரிடம், மெஷினில் பேப்பர் ஓடிக்கொண்டிருக்கும்போது நின்ற நிலையில் விளக்க முடியாது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், இந்தக் காசு எங்கிருந்து வருகிறது? மற்றவர்களுடைய தளங்களில் விளம்பரம் போட்டுக் காசு பகிர்கிற கூகுளின் திட்டம்தான் அட்சென்ஸ். அதில் கணக்குக் கிடைத்தால் ஒரு சின்னக் கோட் துண்டு தருவார்கள். அதைப் பக்கத்தில் ஒட்டிவிட்டால் மிச்சம் உங்கள் கையில் இல்லை. கூகுளின் நிரல் ஒன்று வந்து பக்கத்தை வாசிக்கும். தலைப்பு என்ன, எந்தச் சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று பார்த்து, இந்தப் பக்கம் இன்ன விஷயம் பற்றியது என்று ஒரு முடிவுக்கு வரும். அதற்குப் பொருத்தமான விளம்பரம் அந்த இடத்தில் வந்து உட்காரும். வாசகர் அதைக் கிளிக் செய்தால் விளம்பரம் கொடுத்தவரிடம் கூகுள் காசு எடுத்து, உங்கள் பங்கை உங்கள் கணக்கில் சேர்க்கும். இந்தக் கடைசிப் படி மட்டும் 2024இல் மாறியது, அதைப் பிறகு சொல்கிறேன்.

கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. நடைமுறையில் என்ன நடக்கும் என்பதற்குக் கன்னியா ஒரு நல்ல உதாரணம். திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த இடத்து வெந்நீர்க் கிணறுகளைப் பற்றி ஆங்கிலத் தளத்தில் நீளமாக ஒரு பக்கம் எழுதினேன். ஏழு கிணறு, ஒன்றுக்கொன்று சூட்டில் வித்தியாசம், இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கியது என்ற ஐதீகம், இன்றைக்கும் நம்மவர்கள் இறந்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியைக்கு அங்கே போவது என்று எல்லாம் அதில் இருந்தது. பக்கம் ஏறிய சில நாளில் பார்த்தால், கிணற்றுப் படத்துக்குக் கீழே குளியலறை ஹீட்டர் விளம்பரம். லண்டனில் இருக்கிற மச்சான் அதே பக்கத்தைத் திறந்தபோது அவருக்கு வந்தது பொயிலர் திருத்துகிற கம்பனி. சுடுதண்ணீர் என்ற அளவில் நிரல் பக்கத்தைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறது. ஆனால் இராவணன் கதை வாசிக்க வந்தவர் எதற்குப் பொயிலர்காரனைக் கூப்பிடப் போகிறார்? ஒருவரும் தொடவில்லை. பக்கத்தின் விஷயமும் வாசகரின் தேவையும் ஒன்றல்ல. இந்த வியாபாரத்தின் பாதி இந்த இடைவெளிக்குள் இருக்கிறது.

எந்த விளம்பரம் வரவேண்டும் என்பதை ஏலம்தான் தீர்மானிக்கிறது. காலையில் கடற்கரையில் மீன் ஏலம் போவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஒரே வித்தியாசம், அங்கே அடுத்தவர் கேட்கிற விலை எல்லாருடைய காதிலும் விழும், இங்கே ஒவ்வொருவரும் தன் விலையை மூடிக் கொடுத்துவிடுகிறார். வாசகர் பக்கத்தைத் திறந்து அது திரையில் விரிவதற்குள் ஏலம் முடிந்துவிடும். முன்பு வென்றவர் தான் சொன்ன விலையைக் கட்டத் தேவையில்லை, அடுத்தவரை மிஞ்சுகிற அளவுக்குக் கட்டினால் போதும். 2021இல் அட்சென்ஸ் அதை மாற்றி, சொன்ன விலையையே கட்டும் முறைக்குக் கொண்டுவந்தது.

கட்டுகிற காசில் தளக்காரருக்கு எவ்வளவு என்பதைக் கூகுள் நீண்ட காலம் வெளியே சொல்லவில்லை. 2010இல்தான் சொன்னார்கள்: 68 வீதம். பக்கத்தில் வருகிற விளம்பரத்துக்கான பங்கு அது. இன்றைக்கும் ஏறக்குறைய அதே அளவுதான், கணக்குப் போடும் விதம் மட்டும் மாறியிருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கிளிக்குக்குக் காசு என்ற யோசனையே கூகுளுடையதல்ல. 1998இல் பில் குரோஸ் என்ற அமெரிக்கர் தொடங்கிய கோ-டூ என்ற தேடுபொறிதான் விளம்பரத்தை ஏலத்தில் விட்டு, கிளிக் விழுந்தால் மட்டும் காசு என்ற முறையைப் பிரபலமாக்கியது. கூகுள் 2000இல், விளம்பரம் கொடுப்பவர்களுக்கான அட்வேர்ட்ஸ் (இன்றைய கூகுள் அட்ஸ்) தொடங்கி, 2002இல் கிளிக் முறைக்கு மாறியது. 2003 ஜூனில் அட்சென்ஸ் வந்தது. அதே வருடம் ஏப்ரலில் அப்ளைட் செமாண்டிக்ஸ் என்ற கம்பனியைக் கூகுள் வாங்கியிருந்தது. பக்கத்தை வாசித்து அதன் பொருளைக் கண்டுபிடிக்கும் தொழில்நுட்பம் அவர்களிடம் இருந்தது. இங்கே அப்போது யுத்தநிறுத்த காலம். நாங்கள் நெட் கபேயில் மணித்தியாலத்துக்குக் காசு கட்டி ஈமெயில் பார்த்துக்கொண்டிருந்தோம். வெப்சைட்டில் உழைப்பது என்று யாராவது சொல்லியிருந்தால் ஏமாற்று வேலை என்றுதான் நினைத்திருப்போம்.

சரி, எந்தப் பக்கம் உழைக்கும்?

என் ஆங்கிலத் தளத்தில் நான் மிக ஆசையாக எழுதியது பிரெட்ரிக் கோட்டை மான்களைப் பற்றி. கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற பாதையில் நிற்கிற மான்கள், வெயில் தாழ்ந்தபின் ரவுனுக்குள் இறங்கி வருவது, குப்பையில் பொலித்தீனைத் தின்று சாவது, எல்லாம் எழுதி நானே எடுத்த படங்களும் போட்டேன். பேஸ்புக்கில் நன்றாகப் பகிர்ந்தார்கள். வாசகர் வந்தார்கள். வந்த காசு ஒரு பிளேன்ரீக்குக் காணாது. இன்னொரு பக்கம் இருக்கிறது, கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு எப்படி வருவது என்று. கொழும்பு கோட்டை ஸ்டேசனிலிருந்து இரவு ரயில், தம்புள்ளை ஹபரணை வழியாக பஸ், வான் வாடகைக்கு எடுத்தால் என்ன கேட்க வேண்டும், அவ்வளவுதான். எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது. தளத்தின் வருமானத்தில் பெரிய பங்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. காரணம் லேசானது. மானைப் பற்றி வாசிப்பவர் ரசித்துவிட்டுப் போய்விடுவார். பாதை கேட்டு வருபவர் இன்றைக்கோ நாளைக்கோ எங்கேயாவது காசு கட்டத்தான் போகிறார். அறை, வாகனம், விமானச்சீட்டு, பயணக் காப்புறுதி என்று அவருக்காக ஏலத்தில் நிற்பவர்கள் பலர்.

இதற்குள் இன்னொரு கூத்து இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கடல் தெற்குக்கு எதிர். ஹிக்கடுவையிலும் மிரிஸ்ஸவிலும் டிசம்பர் தொடக்கம் ஏப்ரல்வரை ஆள் நிறைந்திருக்கும்போது இங்கே வாடைக்காற்றும் மழையும். எங்களுக்கு மே முதல் செப்டெம்பர்வரைதான் சீசன். ஆனால் வாசிப்பவர் வருவதற்கு முன்பே வாசிப்பார் அல்லவா? தளத்தில் ஆள் ஏறத் தொடங்குவது பெப்ரவரி, மார்ச்சில், நிலாவெளியில் கடல் அப்போதுதான் அடங்கிக்கொண்டிருக்கும். ஓகஸ்டில் உப்புவெளி ஹோட்டல்களில் அறை இல்லாதபோது என் தளம் ஏற்கனவே இறங்கு முகத்தில் இருக்கும். நவம்பர், டிசம்பரில் உலகம் முழுக்க நத்தார் வியாபாரத்துக்காக விளம்பர விலை ஏறும். அந்த நேரம் திருகோணமலையைத் தேடுகிற ஆளே இருக்காது. ஜனவரியில் விலை விழும், ஆட்கள் அதற்குப் பிறகுதான் எட்டிப் பார்ப்பார்கள். ஏலத்தில் விலை நல்லாய் இருக்கும் நேரமும் என்னிடம் கூட்டம் இருக்கும் நேரமும் ஒருநாளும் ஒத்துவந்ததில்லை.

விலையை வைத்துப் பார்த்தால், எதைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதைவிட எங்கே இருந்து வாசிக்கிறார்கள் என்பது முக்கியம். விளம்பரம் கொடுப்பவர் நாடு, நகரம் எல்லாம் பார்த்துத்தான் விலை வைக்கிறார். ஒரு கணக்குக்காக மட்டும் சொல்கிறேன், என்னுடைய எண்ணிக்கை என்று எடுக்க வேண்டாம்: ஆயிரம் பேர் ஒரு பக்கத்தைப் பார்த்து பத்துப் பேர் கிளிக் செய்கிறார்கள் என்று வையுங்கள். விளம்பரக்காரர் கிளிக்குக்கு 3 சதம் (அமெரிக்கச் சதம்தான்) கட்டினால் மொத்தம் 30 சதம், அதில் உங்களுக்கு 20 சதம். டொலர் 300 ரூபா என்றால் அறுபது ரூபா. அதே பத்துக் கிளிக் ரொறன்ரோவிலிருந்து 50 சதம் வீதம் விழுந்தால் மொத்தம் 5 டொலர், உங்கள் பங்கு 3 டொலர் 40 சதம், ஆயிரம் ரூபாவுக்கு மேல். எழுதியவர் ஒருவர், பக்கம் ஒன்று, வாசித்தவர்களும் இருவருமே மூதூர்ப் பிள்ளைகளாக இருக்கலாம். ஒருவர் மூதூரிலேயே இருக்கிறார், மற்றவர் கனடா போய்விட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். புலம்பெயர்ந்தவர்களை நம்பி நடக்கிற எத்தனையோ விஷயங்களில் இதுவும் ஒன்று என்று சில நேரம் எரிச்சலாக வரும். ஆனால் விளம்பரக்காரரைக் குறை சொல்லி என்ன? மூதூரில் இருப்பவருக்குக் கொண்டுவந்து கொடுக்க முடியாத பொருளுக்கு அவர் ஏன் காசு கட்ட வேண்டும்?

தமிழ்த் தளத்துக்கு வருவோம். 2018 பெப்ரவரி வரை அட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்கு முன்பு ஆங்கிலத் தளமொன்றுக்கு அனுமதி எடுத்து, அதே கோட் துண்டைத் தமிழ்ப் பக்கத்தில் ஒட்டிக் காலம் ஓட்டியவர்கள் இருந்தார்கள். விதிப்படி அது கூடாது, பலருடைய கணக்குப் போனது. அனுமதி வந்தபோது தமிழில் எழுதுகிறவர்கள் மத்தியில் பெரிய சந்தோஷம். எனக்கும்தான். அப்புறம் விளம்பரங்கள் வரத் தொடங்கின. கன்னியா அந்தியேட்டிக் கிரியையைப் பற்றித் தமிழில் எழுதியிருந்தேன், என்னென்ன கொண்டுபோக வேண்டும், எத்தனை மணிக்குப் போனால் சனம் குறைவு என்று. துக்க வீட்டுக்காரர் வாசிக்கிற பக்கம். அதன் நடுவில் சிரித்த முகத்தோடு ஒரு பெண், கீழே மணமகள் தேவையா என்று. இன்னொரு நாள் சோதிடம். பிறகு லீசிங். அட்சென்ஸ் கணக்குக்குள் சில வகை விளம்பரங்களைத் தடுக்க இடமிருக்கிறது, போய்த் தடுத்தேன். தடுத்தபின் அந்த இடத்தில் பெரும்பாலும் வெற்றிடம். தமிழில் விளம்பரம் கொடுக்க நிற்பவர் கூட்டம் அவ்வளவுதான் என்பது அப்போது கண்ணால் தெரிந்தது.

நம் தமிழ் இணையத்தில் உண்மையில் காசு புரள்கிற இடம் வேறு. மரண அறிவித்தல், 31ம் நாள் நினைவஞ்சலி, ஆண்டுத் திவசம். கனடாவில் பிள்ளை, பிரான்சில் மருமகள், பிறந்தது சாம்பல்தீவு என்று படத்தோடு போடுகிற அறிவித்தலுக்குக் குடும்பம் நேரே காசு கட்டும். அதை எந்த நிரலும் வாசித்துப் பொருத்துவதில்லை. அடுத்தது கடந்தகால வினாத்தாள்கள். சாதாரண தரம், உயர்தரம், புலமைப்பரிசில் என்று வினாத்தாள் போடுகிற தளத்துக்கு வருகிற சனத்தைப் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் வருகிறவர் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள், அப்பாவின் போனில் டேட்டா மிச்சம் பிடித்து வருபவர்கள். கூட்டம் உண்டு, ஏலத்தில் விலை இல்லை.

கிண்ணியாவில் ஒரு பெடியன் அப்படி ஒரு தளம் வைத்திருந்தான். கெட்டிக்காரன். வினாத்தாளை ஸ்கேன் பண்ண என் கடைக்குத்தான் வருவான், அதனால் பழக்கம். கணக்குக் கிடைத்து, டொலர் மெல்ல மெல்ல ஏறி, முதல் கொடுப்பனவுக்குக் கிட்டப் போய்விட்டது. அந்தச் சந்தோஷத்தை ரியூசன் வகுப்புக் கூட்டாளிகளிடம் சொல்லியிருக்கிறான். அவர்களுக்குள் ஒருவன் உதவி செய்கிறேன் என்று வாட்ஸ்அப் குழுமத்தில் போட்டுவிட்டான்: எல்லாரும் நம்மட பெடியன்ட சைட்டுக்குப் போய் விளம்பரத்தைக் கிளிக் பண்ணுங்கோ, ஆளுக்குப் பத்துத் தரம். பண்ணினார்கள். ஒரே ஊர், ஒரே இரவு, வழமையாக ஒன்றிரண்டு விழுகிற இடத்தில் நூற்றுக்கணக்கில். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ மின்னஞ்சல் வந்தது, செல்லாத கிளிக் காரணமாகக் கணக்கு மூடப்படுகிறது என்று. சேர்ந்த காசு அவனுக்கு இல்லை, விளம்பரக்காரருக்கே திரும்பும். மேன்முறையீடு எழுத நான்தான் உதவினேன். நடந்ததை நடந்தபடி எழுதினோம். பதில் இரண்டு வரி, முடிவில் மாற்றமில்லை.

சின்ன ஊரில் இருக்கிறவர்கள் இதைக் குறிப்பாக யோசிக்க வேண்டும். சொந்தத் தளத்தில் நீங்கள் கிளிக் செய்யக் கூடாது, செய்யச் சொல்லி யாரையும் கேட்கக் கூடாது என்பது விதி. அதை எல்லாரும் வாசிக்கிறார்கள். ஆனால் கேட்காமலே செய்கிற சித்தப்பாவை எந்த விதியில் அடக்குவது? நல்ல மனதோடு ஒரு கூட்டம் சேர்ந்தால் கணக்கு போய்விடும். விளம்பரக்காரர் பக்கம் நின்று பார்த்தால் நியாயம்தான். அவர் கட்டியது வாங்க வருகிற ஆளுக்கு. நம் சித்தப்பாவின் பாசத்துக்கு அவர் காசு கட்ட முடியாது. என் வீட்டில் நான் தளத்தின் பெயரையே சொல்லாமல் பல காலம் இருந்தேன். கேட்டால் கடை வேலை என்று சமாளிப்பேன்.

கணக்கு உயிரோடு இருந்தாலும் காசு கைக்கு வருவது தனிக் கதை. 10 டொலர் சேர்ந்ததும் நீங்கள் கொடுத்த முகவரி உண்மைதானா என்று பார்க்கத் தபாலில் ஒரு பின் (PIN) இலக்கம் அனுப்புவார்கள். சாதாரணத் தபால், பதிவுத் தபால் அல்ல. எங்கள் ஒழுங்கையில் வீட்டு இலக்கங்கள் வரிசையில் இல்லை, தபால்காரர் அப்பாவின் பெயரை வைத்துத்தான் வீடு பிடிப்பார். அதனால் முகவரியில் அப்பாவின் பெயரையும் சேர்த்துப் போட்டேன், வந்தது. கிழித்துத் திறக்கிற ஒரு சின்ன வெள்ளைக் கடதாசி, உள்ளே ஆறு இலக்கம். தபால்காரர் அதைத் தந்துவிட்டு, வெளிநாட்டில் இருந்து ஏதும் விசாவா என்று கேட்டார். பின் இலக்கம் நான்கு மாதத்துக்குள் பதியப்படாவிட்டால் பக்கத்தில் விளம்பரம் வருவது நின்றுவிடும், ஆகவே தபால் கந்தோரில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

அடுத்தது பெயர். அட்சென்ஸ் கணக்கில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான் முன்னால். அடையாள அட்டையில் முழுதாக இருக்கும், வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்தாக இருக்கும், கூகுள் படிவம் முதற்பெயர் வேறு, கடைசிப் பெயர் வேறு என்று கேட்கும். மூன்றையும் ஒன்றாக்கிவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஒருமுறை வங்கியில், பெயர் சொல்லத் தேவையில்லை, கவுண்டரில் இருந்தவர் இந்தக் காசு எதற்காக வருகிறது என்று கேட்டார். என் பக்கத்தில் ஆட்கள் விளம்பரத்தைப் பார்க்கிறார்கள் என்றேன். பார்த்தால் காசா என்று பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டார். அரை மணித்தியாலம் வகுப்பெடுத்த பிறகுதான் படிவத்தில் எந்தக் கட்டத்தில் புள்ளடி போடுவது என்று முடிவானது.

100 டொலர் சேர்ந்தால்தான் அனுப்புவார்கள், மாதத்தின் 21க்கும் 26க்கும் இடையில். நேரே வங்கிக்கு வரும்போது இடையில் உள்ள வங்கி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் கூடச் சேரவிட்டு எடுப்பது லாபம். வரியைப் பற்றியும் கேட்கிறார்கள். 2025 ஏப்ரல் முதல் வெளிநாட்டுக்குச் செய்கிற சேவையில் வருகிற வருமானத்துக்கும் 15 வீதம்வரை வரி உண்டு. ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாவரை விலக்கு இருப்பதால் என்னைப் போன்றவர்கள் அந்தக் கவலைக்கே தகுதி பெறவில்லை.

டொலரில் வருகிற காசு என்பதால் ஒரு விசித்திரமான காலத்தையும் பார்த்தாயிற்று. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு இலங்கைக்கு வருவதைப் பற்றித் தேடுகிறவர்களே இல்லாமல் போனார்கள். எழும்பப் பார்க்கும்போது கொரோனா. அதையும் கடந்தால் 2022. மார்ச்சில் ரூபாவைப் பிடித்து வைக்காமல் சந்தைப் போக்கில் விட்டார்கள், 200ஐ ஒட்டி நின்ற டொலர் இரண்டு மூன்று மாதத்தில் 360 அளவுக்குப் போனது. கணக்கில் கிடந்த டொலர் ஒரு வேலையும் செய்யாமலே ஒன்றரை மடங்குக்கு மேல் ரூபாவாகியது. நான் புதிதாக எழுத உட்கார்ந்தால் கரண்ட் இல்லை. அந்த மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம்வரை வெட்டினார்கள். பெற்றோல் வரிசையில் நின்றபடி போனில் அட்சென்ஸ் கணக்கைப் பார்ப்பேன். கிளிக் குறைய ரூபா கூடியது.

இப்போது முறை மாறிவிட்டது. 2023 நவம்பரில் அறிவித்து, 2024 தொடக்கத்தில் இருந்து அட்சென்ஸ் தளக்காரருக்குக் கிளிக்கை வைத்து அல்லாமல் விளம்பரம் காட்டப்பட்ட எண்ணிக்கையை வைத்துக் கொடுக்கிறது. விளம்பரக்காரர் அங்கே இன்னமும் கிளிக்குக்கு விலை வைக்கலாம், அது வேறு. ஆகவே கிளிக் காசு என்று நாங்கள் சொல்வது இனிப் பழக்கத்தில் சொல்வதுதான். எனக்கு வருமானத்தில் பெரிய ஏற்ற இறக்கம் தெரியவில்லை.

பெரிதாகத் தெரிந்தது இரண்டு. ஒன்று, 2024 ஜனவரி முதல் ஐரோப்பிய வட்டாரத்திலும் பிரித்தானியாவிலும் இருந்து வருகிற வாசகரிடம், அவர் தகவலை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்கிற முறையான சம்மதப் பெட்டி காட்ட வேண்டும், பிறகு சுவிஸுக்கும் அதே விதி. நோர்வேயில் இருந்து தன் ஊர்க் கோயிலைப் பற்றி வாசிக்க வருபவர் முதலில் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்ட வேண்டும். வேண்டாம் என்று அழுத்தினால் அவர் முன்பு தேடியதை வைத்து வருகிற விளம்பரம் வராது. 2009க்குப் பிறகு ஆளைப் பின்தொடர்கிற விளம்பரம்தான் பெரும்பாலும் வந்துகொண்டிருந்தது, நேற்றுப் பார்த்த சப்பாத்து இன்றைக்கு என் மான் பக்கத்தில் வந்து நிற்கும். இந்தப் பெட்டியால் பக்கத்தை மட்டும் வாசித்துப் பொருத்துகிற பழைய வழி ஓரளவு திரும்பி வந்திருக்கிறது. பொயிலர்காரனும் வந்துவிட்டான். இரண்டாவது, தேடல் பக்கத்தின் உச்சியிலேயே பதிலைத் தொகுத்துத் தருகிற செயற்கை அறிவுப் பெட்டி. நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கிற புறாத்தீவுக்கு எந்த மாதம் போகலாம் என்று கேட்டால் பதில் அங்கேயே முடிந்துவிடுகிறது. அந்தப் பதில் யாரோ எழுதியதில் இருந்துதான் வருகிறது. எழுதியவர் பக்கத்துக்கு ஆள் வரத் தேவையில்லை.

இவ்வளவும் சொன்னால், அப்படியானால் விளம்பரத்தை எடுத்துவிட்டு இங்குள்ள ஹோட்டல்காரரிடமே நேரே விளம்பரம் வாங்கினால் என்ன என்று கேட்பார்கள். காசு கூட வரும் என்பது உண்மை. ஒரு அறை புக்கிங்குக்குத் தருகிற கொமிசன் எனக்கு ஒரு மாத கிளிக் காசுக்குச் சமமாக இருக்கலாம். ஆனாலும் நான் போகவில்லை.

புறாத்தீவுப் பக்கத்தில் சில வரிகள் எழுதியிருக்கிறேன். அது 2003 முதல் தேசிய பூங்கா, முருகைக் கல்லின்மேல் (பவளப்பாறை) ஏறி நிற்காதீர்கள், சில படகுக்காரர் கூட்டமான நாளில் அளவுக்கு மிஞ்சி ஆளேற்றுகிறார்கள், உயிர்காப்பு அங்கி தராவிட்டால் ஏறாதீர்கள், கட்டணத்தை ஏறுவதற்கு முன் பேசுங்கள் என்று. கடற்கரையோரம் விடுதி நடத்துகிற ஒருவர், அவருடைய மச்சானுக்குப் படகு இருக்கிறது, கடைக்கே வந்துவிட்டார். கோபமில்லை, சிரித்த முகம்தான். "தம்பி, அந்த ரெண்டு வரியை மட்டும் எடுத்துவிடுங்கோ. சீசன் நேரம், நாங்களும் பிழைக்க வேணுமே." பிறகு அவரே, மாதாமாதம் ஒரு தொகை தருகிறேன், என் விடுதிப் படத்தை மேலே போடுங்கோ என்றார். நல்ல தொகை. நாங்கள் ஒரே கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்கள், அவருடைய மகள் என் மகளோடு படிக்கிறாள். அந்தக் காசை ஒரு மாதம் வாங்கியிருந்தால் அடுத்த மாதம் அந்த வரிகள் அங்கே இருந்திருக்காது. நானே எடுத்திருப்பேன், அவர் கேட்கவே தேவையிருந்திருக்காது.

அட்சென்ஸில் வருகிற காசு யாருடையது என்று எனக்குத் தெரியாது. கொடுத்தவருக்கும் என்னைத் தெரியாது. ஹீட்டர் கம்பனி என்னிடம் வந்து கன்னியாத் தண்ணீர் சூடில்லை என்று எழுதச் சொல்லப் போவதில்லை. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊரில் இது சின்ன விஷயமல்ல. பெரிய கம்பனியை நம்பியிருக்கிறாய், நாளைக்கு அவர்கள் நிறுத்தினால் என்று கேட்கலாம். நிறுத்தினால் கரண்ட் பில்லைக் கடைக் காசில் கட்டுவேன், அந்த அளவுக்கு மேல் அதில் சாய்வதில்லை. வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்று கேட்கிற பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன். தமிழ்த் தளத்தில் இருந்து விளம்பரத்தை முழுக்க எடுத்துவிட்டேன். வந்த காசுக்கும் போனில் பக்கம் திறக்க எடுத்த நேரத்துக்கும் கட்டாது. ஆங்கிலத் தளத்தில் மட்டும் இருக்கிறது, அதிலும் மான் பக்கத்தில் இல்லை.

விடுதிக்காரரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. கூகுள் அட்ஸில் கணக்குத் திறந்து, எந்தத் தளத்தில் உங்கள் விளம்பரம் வரவேண்டும் என்று கேட்கிற இடத்தில் என் தள முகவரியைக் கொடுங்கோ, விலையை நீங்களே வையுங்கோ, லண்டன், பாரிஸ் என்று ஊரையும் தெரிவு செய்யலாம், மற்ற ஹோட்டல்காரரோடு ஏலத்தில் நின்று வென்றால் உங்கள் படம் என் பக்கத்தில் வரும், நான் இடையில் இல்லை என்றேன். ஒரு துண்டில் எழுதியும் கொடுத்தேன். அவர் செய்தாரா என்று கேட்கவில்லை. என் தளத்தில் என்னென்ன விளம்பரம் ஓடுகிறது என்று பார்க்க அட்சென்ஸ் கணக்குக்குள் ஒரு பகுதி இருக்கிறது, அந்தப் பக்கமும் போகவில்லை. புறாத்தீவு வரிகள் அப்படியே இருக்கின்றன.